நீறாத கல்

பிப்ரவரி 9

தம்பிக்கு,

போன் அடித்து ஓய்ந்துவிட்டேன். நீங்கள் அழைக்கும் நபர் வேறு அழைப்பில் இருக்கிறார் என்று சொல்லும் பெண் உன்னைவிட மரியாதையாகப் பேசுகிறாள். நீ என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறாய் என்பது எனக்குத் தெரியும் என்று அவளிடம் சொல்லலாம் போலிருந்தது.

அதனால் இந்தக் கடிதம். எங்கள் கம்பெனி யார்டிலிருந்து உன் பக்கம் வாரம் ஒரு லாரி வருகிறது. ஒரு பகல் முழுக்க ஓட வேண்டிய தூரம். டிரைவர் அண்ணன் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "லெட்டரா? இந்தக் காலத்துலயா? உள்ள ஏதும் வில்லங்கம் இல்லையேம்மா?" என்றார். இல்லை என்றேன். சட்டைப்பையில் வைத்துப் பொத்தானும் போட்டுக்கொண்டார்.

உன் முதியோர் பகல் இல்லத்தின் திறப்பு விழாவில் நீ சொன்னதை நான் மறக்கவில்லை. முன்வரிசையில் எங்கள் மேனேஜர். பக்கத்தில் பத்திரிகைக்காரர். நீ மைக்கைப் பிடித்து, "எல்லாரும் குப்பையை வாசல்ல கொட்டுவாங்க. எங்க அக்கா படிச்சவ, வீட்டுக்குள்ளயே கொட்டித் தேச்சுட்டா" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சாப்பிடாமல் கிளம்பினேன்.

அது குப்பை இல்லை. இடித்த கட்டடங்களின் கான்கிரீட், உடைந்த பாட்டில்கள், இரும்பு உருக்கும் உலையில் மிஞ்சும் கசடு. மூன்றையும் பொடித்துச் சலித்து, சிமெண்டோடு குழைத்து, தளத்தின்மேல் மட்டமாக இழுத்துவிடுகிற பூச்சு. ஸ்கிரீட் என்கிறோம். ஆற்று மணல் ஒரு பிடிகூட அதில் கிடையாது. எங்கோ ஓர் ஆற்றில் தோண்டப்படாத ஒரு குழிக்குப் பதிலாக, உன் பெரியவர்கள் நடக்க ஒரு கூடம். எனக்கு அது பெரிய விஷயம். பள்ளிக்கூட மேடையில் நின்ற குழந்தையைப் பார்த்துச் சிரித்தது மாதிரி இருந்தது.

போகட்டும்.

தரை எப்படி இருக்கிறது? அதை மட்டும் எழுது.

அக்கா

*

பிப்ரவரி 16

அக்கா,

போனில் நீ என்னை முடிக்க விடுவதில்லை. நான் "அக்கா, வந்து..." என்பதற்குள் நீ பதில் சொல்லி, அந்தப் பதிலுக்கு நான் என்ன சொல்வேன் என்பதையும் சொல்லி, வைத்தும் விடுவாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. எனக்கு இது பிடித்திருக்கிறது. இப்படியே இருக்கட்டும்.

குப்பை என்று சொன்னது தப்புதான். ஆனால் சாப்பிடாமல் போனதும் தப்பு. உனக்கென்று எடுத்து வைத்திருந்த இலையில் கடைசியில் உங்கள் மேனேஜரே உட்கார்ந்து இரண்டாம் முறை சாப்பிட்டார்.

இல்லம் நன்றாகப் போகிறது. காலையில் பிள்ளைகள் வேலைக்குப் போகும் வழியில் பெரியவர்களைக் கொண்டுவந்து விடுகிறார்கள். மாலையில் கூட்டிப் போகிறார்கள். பள்ளிக்கூடம் மாதிரி என்று நான் சொல்ல, டீச்சரம்மா முறைத்தார். முப்பது வருடம் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். "பள்ளிக்கூடத்துல பசங்க வளருவாங்க. இங்க யாரு வளரப் போறா?" என்றார். அவர்தான் தினம் முதலில் வருகிறவர். அவருக்கு உன் தரை ரொம்பப் பிடிக்கும். வெயில் விழும்போது உள்ளேயிருந்து பச்சையும் பழுப்புமாகக் கண்ணாடித் துணுக்குகள் மினுங்கும் இடத்தில்தான் நாற்காலி போடச் சொல்வார்.

ஒரே ஒரு விஷயம். குறையாகச் சொல்லவில்லை. தரையில் சின்னச் சின்னக் குழிகள் விழுகின்றன. மிளகு அளவு. மேலே ஒரு சில்லு தானாகத் தெறித்துக் கிளம்புகிறது. உள்ளே பார்த்தால் அடியில் வெள்ளையாக ஒரு பொட்டுப் பொடி. தெறிக்கும்போது "டிக்" என்று ஒரு சத்தம். கூடம் அமைதியாக இருந்தால் நன்றாகவே கேட்கிறது. ஏட்டையா இருக்கிறாரே, போலீஸில் இருந்து ஓய்வு பெற்றவர், அவர் சத்தம் வரும் திசையில் தடியை நீட்டி, "அங்க யாரோ இருக்கான்யா" என்கிறார். சிரித்துக்கொண்டுதான் சொல்கிறார்.

தம்பி

*

பிப்ரவரி 25

தம்பிக்கு,

மேனேஜர் இரண்டாம் முறை சாப்பிட்டதை இன்றுவரை என்னிடம் சொல்லவில்லை.

குழிகளைப் பற்றி. பயப்பட ஒன்றுமில்லை. கண்ணாடித் துணுக்குகளில் சில மேற்பரப்புக்கு மிக அருகில் வந்துவிட்டிருக்கலாம். தேய்க்கும்போது மிஷின் அழுத்தியிருக்கலாம். வெயில் நேராக விழும் இடம் என்கிறாய், சூட்டில் விரிந்திருக்கலாம். நிறைய "லாம்" போட்டிருக்கிறேன். எழுதி முடித்துப் படிக்கும்போதுதான் தெரிகிறது.

தெறித்த சில்லு ஒன்றை ஒரு மருந்து டப்பாவில் போட்டு அனுப்பு. அடியில் இருக்கும் வெள்ளைப் பொடியோடு. அதைக் கையால் தொட வேண்டாம், ஸ்பூனால் எடு. தொட்டிருந்தால் கழுவிக்கொள். கண்ணைக் கசக்காதே.

குழி எங்கெங்கே விழுகிறது? வெயில் படும் இடத்தில் மட்டுமா, தினமும் துடைக்கும் இடத்தில் அதிகமா?

இங்கே எல்லாம் சுறுசுறுப்பு. நகரத்தில் கட்டும் புது பிரசவ ஆஸ்பத்திரிக்கு முழுவதும் எங்கள் கலவைதான். மேனேஜர் தேநீர்க் கடைக்காரரிடம்கூடச் சொல்லிவிட்டார். யார்டில் என் பின்னால் யாராவது வந்துகொண்டே இருக்கிறார்கள். "மேடம், உங்க கசடுக் குவியல்ல இருந்து எடுக்கலாமா?" உங்க குவியல். எனக்கென்று இதுவரை ஒரு குவியலும் இருந்ததில்லை. கேட்க நன்றாக இருந்தது.

அக்கா

*

மார்ச் 5

அக்கா,

டப்பா அனுப்பியிருக்கிறேன். டீச்சரம்மாவின் இரத்த அழுத்த மாத்திரை டப்பா. "திருப்பி வேணும்னு உங்க அக்காகிட்ட எழுது" என்றார். எழுதிவிட்டேன்.

துடைக்கும் இடத்தில்தான் அதிகம். நீ கேட்ட பிறகுதான் கவனித்தேன். குளியலறையிலும், கை கழுவும் இடத்துக்கு முன்னாலும் விரல் வைத்தால் தட்டுப்படும் அளவுக்கு. எப்படிக் கண்டுபிடித்தாய்? இருந்த இடத்திலிருந்தே ஜோசியம்.

குளியலறைக் கதவு தரையில் உரசுகிறது. உள்பக்கம் தள்ளித் திறக்கிற கதவு. பாதி வரை போய் நின்றுவிடுகிறது. தச்சரைக் கூப்பிட்டேன். வந்தார், குந்தினார், "மழைல மரம் உப்பிருச்சு" என்றார். "மழையே பெய்யலையேண்ணே" என்றேன். கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தார். "பெய்யும்" என்று சொல்லிவிட்டு அடியில் இழைத்துக் கொடுத்துப் போனார். இப்போது மறுபடி உரசுகிறது. ஏட்டையா சொன்னது: "தரை எந்திரிக்குது. நமக்குத்தான் எந்திரிக்க ஆள் வேண்டியிருக்கு."

நீ கவலைப்படாதே. நானும் கொத்தனார் மகன்தான். அப்பா என்ன சொல்வார்? சிமெண்ட் வெடித்தால் தாகம் என்று அர்த்தம், தண்ணீர் காட்டு என்பார். வெயில் காலத்தில் நாம் இருவரும் பள்ளிக்குப் போகுமுன் அவர் போட்ட தளங்களுக்கு வாளி தூக்கவில்லையா? அதையே செய்கிறேன். மாலையில் பெரியவர்கள் கிளம்பியதும் கூடம் முழுக்க, குளியலறை உட்பட, நனைத்த சாக்குகளை விரித்துவிடுகிறேன். காலையில் ஆயாம்மா சுருட்டி எடுத்துத் துடைத்துவிடுகிறாள். திட்டிக்கொண்டேதான். "தரைக்குக் குளிப்பாட்டி விடுற வேலைக்கா நான் வந்தேன்?"

நீ படித்துப் போட்ட தரையை நான் படிக்காமல் காப்பாற்றுகிறேன். ரசமட்டம் அக்கா இதற்கு என்ன சொல்வாள்? (தளம் மட்டமா என்று பார்க்கும் கருவியின் பெயரில் அப்பா உனக்கு வைத்த அந்தப் பட்டப்பெயரைச் சொல்லி ரொம்ப நாளாயிற்று.)

தம்பி

*

மார்ச் 12

தம்பிக்கு,

தண்ணீர் விடாதே.

சாக்குகளை எடுத்துவிடு. உலர்ந்த துணியால் மட்டும் துடைக்கச் சொல். இல்லத்துப் போனில் ஆயாம்மாவிடமும் சொன்னேன். "ஐயா உங்ககிட்ட பேச மாட்டாராம்மா, நான் சொல்லிப் பாக்குறேன்" என்றாள்.

சில்லு வந்தது. பார்த்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் ஒன்றும் உறுதியாகச் சொல்வதற்கில்லை. சொல்லும்படி இருந்தால் சொல்வேன்.

குளியலறைக் கதவைக் கழற்றி வைத்துவிடு. திரை போட்டுக்கொள்ளலாம்.

டப்பாவைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

அக்கா

*

மார்ச் 19

அக்கா,

பழைய அக்கா திரும்பி வந்துவிட்டாள். விடாதே. எடுத்துவிடு. கழற்றிவிடு. ஏன் என்று ஒரு வார்த்தை இல்லை. போனில் பேசியிருந்தால்கூட ஏதாவது இரைந்திருப்பாய், அதிலிருந்து புரிந்துகொண்டிருப்பேன்.

அப்பா வாழ்நாள் முழுக்கச் செய்ததை நிறுத்தச் சொல்கிறாய். அவர் போட்ட எந்தத் தளம் பெயர்ந்தது? ஒன்று காட்டு. உன் தரை நாலு மாதத்தில் பொரிந்துபோயிருக்கிறது. தப்பு தண்ணீரிலா? உன் கலவை கொஞ்சம் சிமெண்ட் குறைச்சல் என்று நினைக்கிறேன். அதைச் சொல்ல உனக்குக் கௌரவம் இடிக்கிறது. அதுதானே?

குளியலறைக் கதவைக் கழற்றித் திரை போடச் சொல்கிறாய். டீச்சரம்மாவிடம் நீயே வந்து சொல். நான் வாயைத் திறந்ததும், "நான் என்ன ஆட்டுக்குட்டியா?" என்றார். வயதானவர்களிடம் மிஞ்சியிருப்பது ஒரு கதவுதான் அக்கா. தச்சரைத் திரும்பக் கூப்பிட்டேன். இன்னொரு முறை இழைத்தார்.

இருந்தாலும் சாக்கை இரண்டு நாள் எடுத்து வைத்தேன். உன் பேச்சுக்காக. அந்த இரண்டு நாளும் வெயில் கொளுத்தியது. கூடத்தின் நடுவில் சுவரிலிருந்து சுவர் வரை ஒரு விரிசல் ஓடிவிட்டது. மறுபடி சாக்கு விரித்தேன். இப்போது ஒரு சாக்குக்கு மேல் இன்னொரு சாக்கு.

விரிசல் ஒரு பக்கம் உயர்ந்திருக்கிறது. இரண்டு நாணயத்தை அடுக்கி வைத்தது போல. நான் பார்த்துப் பார்த்துத் தாண்டுகிறேன். பெரியவர்கள் கால் தூக்கி நடப்பதில்லை, தேய்த்துத்தான் நடப்பார்கள். நடைச் சட்டகம் பிடித்து நடப்பவர்கள் அங்கே வந்ததும் நின்று என்னைப் பார்க்கிறார்கள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த "டிக்" சத்தமும் இப்போது விட்டுவிட்டு வருவதில்லை, தொடர்ந்து வருகிறது.

ஏன் என்று எழுது. அதற்குப் பிறகு நீ சொல்வதைச் செய்கிறேன்.

தம்பி

*

மார்ச் 26

தம்பிக்கு,

இல்லத்தை மூடு. இதைப் படித்து முடித்ததும் யாரையும் உள்ளே விடாதே. காரணத்தை எழுதுகிறேன். ஆனால் முதலில் அதைச் செய். செய்துவிட்டு வந்து படி.

நம் வீட்டில் சுவருக்கு அடிக்கச் சுண்ணாம்புக் கல் வாங்கி வருவார் அப்பா. மண் பானையில் போட்டுத் தண்ணீர் ஊற்றுவார். நம்மைத் தள்ளி நிற்கச் சொல்வார். அது கொதிக்கும், வெடிக்கும், பானை கொள்ளாமல் பொங்கும். பிறகு அடங்கி மாவாகும். நீறிவிட்டது என்பார். நீறின பிறகுதான் சுவருக்கு.

உலைக் கசட்டிலும் அந்தச் சுண்ணாம்பு இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத சின்ன மணிகளாக. உலைச் சூட்டில் மிகவும் வெந்துபோனதால் அது உடனே நீறாது. மாதக் கணக்கில் மெதுவாக நீறும். அதனால் கசட்டை வாங்கியதும் பயன்படுத்தக் கூடாது. திறந்த வெளியில் கொட்டி, மழையிலும் குழாய்த் தண்ணீரிலும் நனையவிட்டு, ஒரு வருடம் கிடக்க விட வேண்டும். பொங்க வேண்டியதெல்லாம் யார்டிலேயே பொங்கி அடங்கிவிடும். இது எனக்குத் தெரியும். இதை நான் மற்றவர்களுக்கு வகுப்பெடுத்திருக்கிறேன்.

எங்கள் குவியல் ஒரு வருடம் கிடந்தது.

ஆனால் யார்டுக்குப் பின்னால் ஒரு வாய்க்கால் ஓடுகிறது. முதல் மழையில் குவியலிலிருந்து வெள்ளைத் தண்ணீர் அதில் இறங்கியது. துணி துவைக்கும் பெண்கள் வந்து கையை விரித்துக் காட்டினார்கள். தோல் வெடித்திருந்தது. "நீங்கதானே ஆத்தைக் காப்பாத்துற கம்பெனி?" என்று ஒருத்தி கேட்டாள். எனக்கு முகத்தில் அறைந்தது மாதிரி ஆகிவிட்டது. அன்றே குவியலைத் தார்ப்பாய் போட்டு மூடச் சொன்னேன். குழாயையும் நிறுத்தச் சொன்னேன். தண்ணீரைத் தேக்கிச் சுத்தம் செய்ய ஒரு தொட்டி கட்டிய பிறகு திறக்கலாம் என்றிருந்தேன். தொட்டி அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று போனது. தார்ப்பாய் அப்படியே இருந்தது. நல்ல தார்ப்பாய். ஒரு சொட்டு இறங்கவில்லை.

நாள் மட்டும் கூடியது. கல் நனையவே இல்லை. ஒரு வருடம் ஆயிற்று, எடுங்கள் என்று சொன்னது நான்தான்.

பொங்க வேண்டியது இப்போது உன் கூடத்தில் பொங்குகிறது. நான் தண்ணீரை மறித்தேன். நீ ஊற்றினாய். இருவரும் நல்லதைத்தான் நினைத்தோம்.

நீ அனுப்பிய சில்லிலேயே தெரிந்தது. ஆனால் நம்பப் பிடிக்கவில்லை. எங்கள் சோதனைக் கூடத்து நீராவிக் கலம் பழுது. அதனால் கலவையில் ஒரு சின்னக் கட்டை வார்த்து, காய்ந்ததும் வீட்டுக் குக்கரில் போட்டு வேகவைத்தேன். பல மாதத்தில் நடப்பதை அந்தச் சூடும் ஆவியும் சில மணி நேரத்தில் நடத்திக் காட்டிவிடும். என் சமையலறையில் நின்று விசில் கேட்டுக்கொண்டிருந்தேன். திறந்தபோது கட்டை இல்லை. தேநீரில் விழுந்த ரொட்டித் துண்டு மாதிரி ஒரு கூழ்.

மேனேஜரிடம் காட்டினேன். "குக்கர்ல வெச்சா கருங்கல்லே வெந்துரும்மா" என்றார். கருங்கல் வேகாது சார் என்றேன். "ஒரு வீட்டுத் தரை. உங்க தம்பி வேற. உள்ளுக்குள்ள பேசி முடிச்சுக்கோங்க." பிரசவ ஆஸ்பத்திரிக்கு இதே குவியல் போகிறது என்றேன். அவர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். யாரும் அழைக்கவில்லை. எனக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும்.

நானே புறப்பட்டு வந்திருப்பேன். நான் யார்டை விட்டு நகர்ந்தால் குவியலும் நகர்ந்துவிடும் என்று பயமாக இருக்கிறது. இல்லத்துக்குப் போன் செய்தேன். எல்லோரும் கிளம்பியிருப்பார்கள் போல, மணி அடித்துக்கொண்டே இருந்தது. டிரைவர் அண்ணனிடம், எங்கேயும் நிறுத்தாமல் போய் உன் கையிலேயே கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

மூடிவிட்டாயா?

அக்கா

*

மார்ச் 28

அக்கா,

டிரைவர் அண்ணன் நேற்றுக் காலை சரியாகத்தான் வந்தார். வாசலில் லாரியை நிறுத்த இடமில்லை. ஆம்புலன்ஸ் நின்றுகொண்டிருந்தது. தெருமுனையில் விட்டுவிட்டு ஓடிவந்தார். உறையை என் கையில் திணித்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது.

டீச்சரம்மா வழக்கம்போல முதலில் வந்தார். குளியலறைக்குப் போனார். தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். உள்ளே தரை எழும்பியிருந்த இடத்தில் கால் தட்டியிருக்கிறது. விழுந்த சத்தம் கேட்டு நானும் ஆயாம்மாவும் ஓடினோம். தோளால் இடித்தோம். தாழ்ப்பாள் பெயர்ந்தும் கதவு ஒரு சாண்கூடத் திறக்கவில்லை. இடையில், அவர் விழுந்ததில் பெயர்ந்த தரைப் பாளம். நான் இடிக்க இடிக்க அது இறுகிக்கொண்டே போனது.

உள்ளேயிருந்து அவர் பேசிக்கொண்டே இருந்தார். "மெதுவாடா. அவசரப்பட்டா கணக்கு தப்பும்." பிறகு, "நான் எங்கயும் போயிடலை, இங்கதான் இருக்கேன்." பிறகு பேச்சு நின்றது. ஏட்டையா நாற்காலியிலிருந்தே, "டீச்சர், பேசுங்க. டீச்சர், வாய்ப்பாடு சொல்லுங்க" என்று கத்திக்கொண்டிருந்தார். கதவைக் கோடாலியால் பிளந்துதான் உள்ளே போனோம்.

இடுப்பு எலும்பு. தலையிலும் அடி. அறுவை சிகிச்சை செய்யலாமா என்றே இன்னும் முடிவு செய்யவில்லை. நான் போனால் கண்ணைத் திறக்கிறார். என்னைத் தெரிகிறதா என்று தெரியவில்லை.

அவர் மகன் வந்து பார்த்தார். கத்தவில்லை. குனிந்து குளியலறைத் தரையைத் தடவிப் பார்த்தார். விரலில் ஒட்டிய வெள்ளைப் பொடியைப் பார்த்தார். "இது யார் போட்ட தரை?" என்று கேட்டார்.

என்னுடையது என்றேன்.

உன் கடிதத்தை நான் தெருவில் நின்று படித்தேன். பிறகு உள்ளே போய் உன் மார்ச் 12 கடிதத்தைத் தேடி எடுத்தேன். "சொல்லும்படி இருந்தால் சொல்வேன்." அன்றைக்கே உனக்குத் தெரியும். ஒரு வரி போதும் அக்கா. தண்ணீர் ஊற்றினால் தரை வெடிக்கும் என்று ஒரு வரி. அதற்குப் பிறகு நான் ஒரு சொட்டு ஊற்றியிருப்பேனா? அந்தக் கதவை நானே கழற்றியிருப்பேன். டீச்சரம்மா திட்டியிருப்பார். இன்றைக்கும் திட்டிக்கொண்டிருப்பார்.

இல்லத்தை மூடிவிட்டேன். சாக்குகளை எடுத்துவிட்டேன்.

நீ என்னிடம் மன்னிப்புக் கேட்டு எழுதாதே. படிக்க மாட்டேன். அந்தக் குவியலை என்ன செய்தாய் என்று எழுது.

தம்பி

*

ஏப்ரல் 2

தம்பிக்கு,

ஆம். அன்றைக்கே தெரியும்.

நீ கேட்டதை மட்டும் எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த அன்று மேனேஜர் என்னை அலுவலகத்துக்குள் கூப்பிட்டு உட்காரவைத்தார். தேநீர் வரவழைத்தார். விடுப்பு எடுத்துக்கொள்ளச் சொன்னார். முகம் வாடியிருக்கிறதாம். ஜன்னலுக்கு வெளியே ஜேசிபி உறுமியது. தார்ப்பாயை உருவிப் போட்டுவிட்டுக் குவியலைப் பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போகும் லாரியில் அள்ளிக்கொண்டிருந்தார்கள். நான் தேநீரை வைத்துவிட்டு இறங்கி ஓடினேன். டிரைவர் அண்ணன் வண்டியைக் கிளப்பிக்கொண்டிருந்தார். மறுபக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

"இறங்கும்மா. எனக்குப் பொழப்பு இருக்கு."

"ஓட்டுங்கண்ணே. நானும் வர்றேன்."

"மேனேஜர் பாத்துட்டு நிக்கிறார்."

"அவர் பாக்கட்டும். நீங்க ரோட்டைப் பாருங்க."

வழியில் அவருக்கு எல்லாவற்றையும் சொன்னேன். போனில் நான் உன்னிடம் செய்வதாகச் சொல்வாயே, அதே மாதிரி ஒருமுறைகூட அவரைக் குறுக்கே பேச விடாமல். முடித்ததும் அவர் வண்டியின் வேகத்தைக் குறைத்தார். பிறகு, "அன்னிக்கு ராத்திரி நான் இன்னும் வேகமா ஓட்டி, விடியறதுக்கு முன்னாடியே கதவைத் தட்டியிருக்கணுமோ?" என்றார். இல்லை அண்ணே, நான் இரண்டு வாரம் முன்னாலேயே எழுதியிருக்கணும் என்றேன். அதை இன்னொருவரிடம் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் முறை.

ஆஸ்பத்திரி வாசலில் லாரியை நிறுத்தினோம். நான் இறங்கி மேஸ்திரியிடம், இந்தக் கல்லை இறக்கக் கூடாது, இது இன்னும் நீறவில்லை என்றேன். அவருக்கு என்னை அடையாளம் தெரிந்தது. "அட, கலவை மேடமா? வாங்க வாங்க, வந்து பாருங்க, எப்படிப் போட்டிருக்கோம்னு" என்று கையைப் பிடிக்காத குறையாக உள்ளே கூட்டிப் போனார்.

தரைத்தளம் முழுக்கப் போட்டு முடித்துவிட்டார்கள். எனக்குத் தெரியாமல் போன லோடுகள். பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியிருந்தார்கள். கணுக்கால் அளவு. அசையாத தண்ணீர். கூரை அதில் தலைகீழாகத் தெரிந்தது. அவ்வளவு மட்டம். அப்பாவுக்குக் காட்டியிருந்தால் பேச்சே வந்திருக்காது. "ஒரு நாள் விடாம தண்ணி காட்டுறோம் மேடம். உங்க தரைக்கு ஒரு குறை வைக்கலை" என்றார். நிஜமான பெருமை, தம்பி. அந்த முகத்தைப் பார்த்துத்தான் நான் சொல்ல வேண்டியிருந்தது.

சொன்னேன். இது பொங்கும், உடைக்க வேண்டும் என்றேன். சித்தாள்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மேஸ்திரி சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. "எழுத்துல குடுங்க. வாயால சொன்னா நான் எப்படி உடைக்கிறது? நாளைக்கு என் தலையில விடியும்."

எழுதிக் கொடுத்தேன். இந்தத் தரையை நான் வடிவமைத்தேன், இது கெட்டது, உடைக்கச் சொல்வது நான் என்று. பெயர், வேலை, கையெழுத்து. உன்னுடைய இல்லத்தையும் அதில் எழுதியிருக்கிறேன். அதுவும் என் தரை. டீச்சரம்மாவின் மகன் எண்ணை அனுப்பு. நானே அவரிடம் சொல்கிறேன். நீ சொன்னதை நீ திருத்த வேண்டாம், நான் திருத்துகிறேன்.

அவர் காகிதத்தை மடித்து வைத்துக்கொண்டார். ஆனாலும் ஒருவரும் நகரவில்லை. அவர்கள் போட்டது. அவர்களால் முடியாது. சுவரோரம் கடப்பாரை சாத்தியிருந்தது. எடுத்தேன். நான் நினைத்ததைவிடக் கனம். பாத்திக்குள் இறங்கினேன். சேலை நனைந்தது. இரண்டு முறை சறுக்கி மூன்றாம் முறை இறங்கியது. இறங்கிய இடத்தில் தண்ணீர் பால் மாதிரி கலங்கியது. அதைப் பார்த்த பிறகுதான் மேஸ்திரி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே இறங்கி, என் கையிலிருந்து கடப்பாரையை வாங்கினார்.

ஓங்கி ஓங்கிக் குத்தினார். வேர்த்து ஊற்றியது. நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கினார்.

"இதுக்கே இப்படின்னா மேல என்ன மேடம் பண்றது? மேல ரெண்டு மாடி முதல்லயே போட்டு முடிச்சாச்சு. கட்டில், தொட்டில் எல்லாம் வந்து இறங்கிருச்சு."

கட்டில்கள் இன்னும் காலியாகத்தானே இருக்கின்றன என்று கேட்டேன்.

அவர் கூரையைப் பார்த்தார்.

"நேத்துக் காலையிலிருந்து பின்பக்கப் படி வழியா பிரசவத்துக்கு ஆள் சேக்குறாங்க."

அக்கா